படத்திற்குப் பதவுரை

ஒரு புகைப்படத்தைப் பற்றிய கட்டுரையிலிருந்து அந்தப் புகைப்படத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அதே இடத்தில் வேறொன்றை ஒட்டிப் பார்க்கலாம். கட்டுரையின் ஒரு வாக்கியம்கூடப் பொய்யாகவில்லையென்றால், அது எந்தப் படத்தைப் பற்றியும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். கல்லூரி மாணவர்களின் பேப்பர்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் நான் வைத்துக்கொண்டிருக்கும் முதல் சோதனை இது. பெரும்பாலான கட்டுரைகள் இதில் தோற்றுவிடுகின்றன. தோற்றவற்றில் பலவும் நல்ல மார்க் வாங்கியவை என்பதுதான் நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பிரச்னை.

விஸ்காம் வகுப்பானாலும் இலக்கிய வகுப்பானாலும் 'காட்சிப் பிரதி ஒன்றைப் பகுப்பாய்வு செய்க' என்று ஒரு அசைன்மென்ட் இப்போது வந்துவிடுகிறது. விளம்பரம், ஓவியம், சுவரொட்டி, சினிமாவில் ஒரு காட்சி, ஏதோ ஒன்று. 'பிரதி' என்ற சொல்லே முதல் தீங்கைச் செய்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிரதி என்றால் வாசிக்க வேண்டும். வாசிப்பில் பழகிய கண் எழுத்தின் வடிவத்தில் நிற்பதில்லை, அதைக் கடந்து அர்த்தத்துக்குப் போய்விடுகிறது. அதே பழக்கத்தோடு படத்தின் முன் வந்து நிற்கும் மாணவன் படத்தையும் கடந்து போய்விடுகிறான். கடந்த இடத்தில் அவனுக்காகக் காத்திருப்பவை ஏற்கெனவே தயாரான சொற்கள்: தாய்மை, அதிகாரம், நுகர்வுக் கலாசாரம், ஆணின் பார்வை. சொற்களில் குற்றமில்லை. அவை படத்திலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல, படத்தின் மேல் வைக்கப்பட்டவை. அதுதான் குற்றம்.

ஒரு உதாரணம். டொரோதியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்த படம். 'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் உலகத்துக்குத் தெரியும். வகுப்புகளில் அதிகம் கொடுக்கப்படுகிற படங்களில் ஒன்று. இதைப் பற்றி வரும் கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே கட்டுரைதான். பொருளாதாரப் பெருமந்தம், துயரத்தின் குறியீடு, மேரி மாதாவின் நவீன வடிவம், தாய்மையின் மகத்துவம், முற்றும். தலைப்பில் 'தாய்' என்று இருக்கிறது, கட்டுரையிலும் தாய் இருக்கிறாள். தலைப்பை மட்டும் கொடுத்துப் படத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இதே கட்டுரை வந்திருக்கும்.

இந்தக் கும்பலில் ஒருமுறை ஒரு மாணவியின் பேப்பர் இரண்டாவது மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. மொழி தடுமாறியது. எந்தக் கோட்பாட்டாளரின் பெயரும் இல்லை. அவள் செய்திருந்ததெல்லாம் கணக்கெடுத்ததுதான். இரண்டு பெரிய குழந்தைகளும் முகத்தைத் திருப்பித் தாயின் தோள்களில் புதைத்திருக்கிறார்கள். மடியில் இருப்பது தூங்குகிறது. தாய் காமெராவைத் தாண்டி வேறெங்கோ பார்க்கிறாள். ஆக, படத்தில் நான்கு பேர், நம்மைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காததால்தான் நாம் கூச்சமில்லாமல் இந்த வறுமையைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது என்று அவள் முடித்திருந்தாள். முதல் மதிப்பீட்டாளர் 20க்கு 9 போட்டிருந்தார். 'கோட்பாட்டுச் சட்டகம் இல்லை' என்பது காரணம். என் வாதத்தில் அது 13 ஆயிற்று. துறையில் ஒரு சமரசம். அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

9 போட்டவர் மோசமான ஆசிரியர் இல்லை. கையில் இருந்த மதிப்பீட்டுத் தாள் அவரை அப்படிப் போட வைத்தது. மையக் கருத்து, கோட்பாட்டுப் பிரயோகம், கட்டுக்கோப்பு, மொழி, மேற்கோள் முறை என்று கட்டங்கள் போட்ட தாள். ஐந்து கட்டத்திலும் கண்ணுக்கு இடமில்லை. பார்த்ததற்கு மார்க் இல்லையென்றால் மாணவன் ஏன் பார்க்கிறான்? கட்டங்களுக்கு ஒரு நியாயம் உண்டு. அடுக்கடுக்காகப் பேப்பர்கள் வரும்போது எண்ணக்கூடியதைத்தான் எண்ண முடியும். 'குறிப்பான்' என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை எண்ணிவிடலாம். ஒருவன் படத்தின் முன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பதைக் கண்டுபிடிக்க, திருத்துகிறவரும் அதே படத்தின் முன் உட்கார வேண்டும். இதுதான் எவருக்கும் முடியாத காரியமாக இருக்கிறது.

கோட்பாட்டாளர்களின் பெயரால் இது நடப்பதுதான் வேடிக்கை. ரோலன் பார்த் 1964இல் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இருக்கிறது. பான்ஸானி என்ற பாஸ்தா கம்பெனியின் விளம்பரம் அது. அவர் முதலில் என்ன செய்கிறார்? பாஸ்தாப் பொட்டலங்கள், ஒரு டப்பா, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், காளான், எல்லாம் பாதி திறந்த வலைப்பையிலிருந்து வெளியே வழிகின்றன, சிவப்புப் பின்னணியில் மஞ்சளும் பச்சையும் என்று மளிகைக்கடைப் பட்டியல் மாதிரி எழுதுகிறார். பை பாதி திறந்திருப்பதிலிருந்துதான் சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்த புதுமை அவருக்குக் கிடைக்கிறது. தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் நிறங்களிலிருந்துதான் இத்தாலியத்தன்மை கிடைக்கிறது. நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது இத்தாலியத்தன்மை மட்டும். வலைப்பை வழியிலேயே தவறிவிட்டது. 1980இல் அவர் எழுதிய கடைசிப் புத்தகத்திலிருந்து 'பங்க்டம்' என்ற சொல்லும் இப்படித்தான் வந்தது. ஒரு படத்தில் தன்னை மட்டும் எதிர்பாராமல் குத்தும் சிறு விவரத்துக்கு அவர் வைத்த பெயர் அது. இப்போது அது எல்லோரையும் ஒரே இடத்தில் குத்துகிறது.

இதற்கு மேற்கே போய்த்தான் மருந்து தேட வேண்டும் என்பதில்லை. நம் உரை மரபில் ஒரு வரிசை உண்டு. பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விசேடவுரை. சொல்லுக்குச் சொல் நின்று பொருள் சொன்ன பிறகே திரண்ட பொருள். அதற்கப்புறமே கருத்து. பள்ளிக்கூடத்தில் மனப்பாடத்தின் துர்நாற்றம் ஏறிப்போனதால் நவீனத்துவம் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. என்றாலும் படத்தின் முன் நிற்கும் ஒருவனுக்கு இதைவிடக் கறாரான ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை. மாணவர்கள் நேரே கருத்துரையில் குதிக்கிறார்கள். பதவுரை இல்லாத கருத்துரை எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்.

அதே மரபு எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை இன்னெங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டார். அவ்வளவு நுட்பமான கண் உள்ளவர், தான் முன்பே முடிவு செய்த பொருளுக்காகப் பாட்டைக் கலைத்து அடுக்குகிறார் என்று மறைமலையடிகள் சண்டைக்குப் போனார். படத்திலும் மாட்டு நடக்கிறது. மூலையில் ஒரு சிவப்பைக் கண்டால் புரட்சி, சன்னல் தென்பட்டால் விடுதலை. விவரத்தைச் சுட்டிவிட்டால் மட்டும் பார்த்ததாகிவிடாது. அந்த விவரம் அதன் இடத்தில், பக்கத்தில் இருப்பவற்றோடு என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

நான் மாணவர்களுக்குக் கொடுக்க விரும்பும் படம் மாமல்லபுரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பம். இதற்கு இரண்டு தலைப்புகள். அர்ஜுனன் தபசு என்று ஒன்று. கங்கை இறங்கி வருவது என்று 1914இல் விக்தோர் கொலூபெவ் சொன்னது இன்னொன்று. எது சரி என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் பாறையில் இல்லை. தலைப்பைப் பற்றிக்கொண்டவன் என்ன செய்வான் என்று பாருங்கள். அர்ஜுனன் கட்சிக்காரன் ஒற்றைக் காலில் கைகளைத் தூக்கி நிற்கும் தவசியையும் பக்கத்தில் நான்கு கைகளுடன் நிற்கும் சிவனையும் பார்க்கிறான். கங்கை கட்சிக்காரன் நடுவில் இருக்கும் பிளவையும் அதில் மேல்நோக்கி எழும் நாகர்களையும் பார்க்கிறான், மேலே நீர் தேக்கியதன் அடையாளத்தைக் காட்டுகிறான். இருவரும் தங்களுக்குச் சாட்சி சொல்லும் உருவங்களை மட்டும் கூப்பிடுகிறார்கள்.

பிளவுக்கு இந்தப் பக்கம், யானைக்கு அருகே, ஒரு பூனை நிற்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை உயர்த்தி, தவசியின் அதே நிலையில். சுற்றிலும் எலிகள். இந்தப் பூனை எந்தத் தலைப்பிலும் இல்லை. தவசி அர்ஜுனனா பகீரதனா என்று முடிவு செய்வதற்கு முன்பே கண் தவசியிலிருந்து பூனைக்கும் பூனையிலிருந்து தவசிக்கும் போய்வரத் தொடங்கிவிடுகிறது. விலா எலும்பு தெரியும் உடம்புக்கு எதிரில் கொழுத்த பாசாங்கு. இத்தனை தேவர்களும் மிருகங்களும் சாட்சியாகக் கூடிய ஒரு மகா காரியத்தின் நடுவே அதையே நையாண்டி செய்ய இடம் விட்ட அந்தச் சிற்பி எப்படிப்பட்ட மனம் படைத்தவன்? அரசனின் பணத்தில் செதுக்கிய பாறையில் அது எப்படி அனுமதிக்கப்பட்டது? இவைதான் கட்டுரைக்கான கேள்விகள். பூனையிலிருந்து கிளம்பினால்தான் இவற்றுக்கு வந்து சேர முடியும்.

தலைப்பு கண்ணை எப்படி ஆள்கிறது என்பதை ஜான் பெர்ஜர் 1972இல் காட்டினார். வான்கோவின் காக்கைகள் பறக்கும் கோதுமை வயலைக் காட்டிவிட்டு, பக்கத்தைத் திருப்பினால் அதே ஓவியத்தின் கீழே, தற்கொலைக்கு முன் அவர் வரைந்த கடைசி ஓவியம் இது என்று எழுதியிருக்கும். உடனே காக்கைகள் கறுத்துவிடுகின்றன. இதில் இன்னொரு திருகு. கடைசி ஓவியம் அது அல்ல, மர வேர்களை வரைந்த இன்னொன்று என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. தப்பான வாசகமும் ஓவியத்தை அதே பலத்தோடு மாற்றியிருக்கிறது.

அப்படியானால் படத்துக்கு வெளியே இருப்பது எதுவும் தேவையில்லையா என்று கேட்பார்கள். தேவை. லாங்கின் படத்தில் இருந்த பெண்ணின் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அவள் பிறப்பால் செரோக்கி, அமெரிக்கப் பழங்குடி. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவளுக்கு மனக்குறை இருந்தது. படத்தின் வலதுபக்கக் கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் 1939இல் நெகடிவிலிருந்து அழிக்கப்பட்டது. லாங்குக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. இந்தச் செய்திகள் தெரிந்தபின் படத்தை முன்போலப் பார்க்க முடியாது. ஆனால் இவை வேலை செய்ய வேண்டிய இடம் படத்துக்குள்தான். அழிக்கப்பட்ட விரலின் மங்கலான தடத்தை அந்த மூலையில் போய்த் தேடுகிறவனுக்குத்தான் அந்தச் செய்தியால் பயன். மற்றவனுக்கு அது இன்னொரு துணுக்கு. நம்மை யாரும் பார்க்கவில்லை என்ற அந்த மாணவியின் கண்டுபிடிப்பும், பெயர் கேட்காமல் எடுக்கப்பட்ட படம் என்ற செய்தியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது விமர்சனம் பிறக்கிறது.

வெறும் விவரணை விமர்சனமாகுமா என்பது அடுத்த ஆட்சேபம். வெறும் விவரணை என்று ஒன்று கிடையாது. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எதற்கு அடுத்து எதை வைப்பது என்பதிலேயே தீர்ப்பு தொடங்கிவிடுகிறது. நான் கேட்பது மூன்று பகுதி. முதலில், பெயரடை இல்லாமல், இருப்பதை மட்டும் ஒரு பக்கம். அடுத்து, இருப்பவற்றில் எது மற்றவற்றை மாற்றுகிறது, எதை எடுத்துவிட்டால் படம் சரிகிறது என்று ஒரு பக்கம். கடைசியில் வெளியிலிருந்து கொண்டுவந்தது எது, அது படத்தின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று ஒரு பக்கம். 20இல் 8 முதல் பக்கத்துக்கு. 8 இரண்டாவதற்கு. கோட்பாட்டுக்கும் செய்திக்கும் சேர்த்து 4. சக ஆசிரியர்கள் இதை ஆரம்பப் பாடசாலை என்கிறார்கள். ஆரம்பப் பாடசாலை நடக்காமல்தான் கல்லூரி நடந்துகொண்டிருக்கிறது என்பது என் பதில்.

இன்று இதற்கு ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. எந்தப் படத்துக்கும் பொருந்தும் கட்டுரையை இப்போது இயந்திரமே எழுதித் தருகிறது, பிழையில்லாமல், பழைய தாளில் 20க்கு 16 வாங்கும் தரத்தில். மாணவன் ஏமாற்றுகிறான் என்று புலம்புவதில் அர்த்தமில்லை. கண் இல்லாமல் எழுதக்கூடிய கட்டுரையை இத்தனை வருஷம் நாம்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். படத்தில் இருப்பதைப் பட்டியல் போடவும் இயந்திரத்துக்குத் தெரியும். ஆகவே பட்டியலே போதும் என்றும் இனி இருக்க முடியாது. வகுப்பில், படத்தின் முன்னால், ஏன் பூனையிலிருந்து தொடங்கினாய் என்று கேட்டு, மாணவன் வாய்திறந்து பதில் சொல்ல நேரம் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தென்படவில்லை. அதற்கு வகுப்பு சிறியதாக இருக்க வேண்டும், ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். இரண்டும் நம் கல்லூரிகளில் அரிது.

இதைச் சிறுபத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும்? மாணவர்களைப் பற்றிச் சொன்னதில் நமக்கும் பங்கு இருப்பதால். ஓவியமும் சிற்பமும் சினிமாவும் நம் எழுத்தாளர்களுக்கு அந்நியமாகவே இருக்கின்றன என்று வெங்கட் சாமிநாதன் ஆண்டுக்கணக்காகப் புகார் சொன்னார். அவர் 2015இல் போய்விட்டார். புகார் போகவில்லை. நம் பத்திரிகைகளில் வரும் சினிமாக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லப்படுகிறது, கதையின் அரசியல் கண்டிக்கப்படுகிறது, காமெரா எங்கே நின்றது என்று ஒரு வரி இல்லை. அட்டையில் நல்ல ஓவியனின் கோட்டோவியத்தைப் போட்டுவிட்டு உள்ளே அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாத இதழ்கள் எத்தனை! படத்தைக் கழற்றி வேறு படத்தை ஒட்டும் சோதனையை நம் பக்கங்களில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேறும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இந்தப் பக்கங்களைப் படித்து வளர்ந்தவர்கள்தான் நாளைக்கு அந்த மதிப்பீட்டுத் தாளைக் கையில் பிடித்திருப்பார்கள். கட்டங்களைப் போட்டவர்களும் எங்கோ இப்படிப் படித்து வந்தவர்கள்தான்.