தட்டிவானின் பின்வில்

கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் மரக்கூட்டையும் சங்கிலியில் தொங்கும் பின்தட்டியையும்தான் சொல்வார்கள். எனக்கு அந்தத் தட்டிக்குக் கீழே கிடக்கும் வில்லுத்தகடுகள்தான் அழகு. தேங்காய், வெங்காய மூட்டை, சைக்கிள், சனம் என அத்தனை பாரத்தையும் வாங்குவது அவைதானே!

குனிந்து பாருங்கள். அடுக்கிலேயே நீளமான தாய்த்தகட்டின் இரு நுனிகளும் கண்ணாகச் சுருண்டிருக்கும். முன்கண் சேசிஸில் பூட்டியிருக்கும். பின்கண் சக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏற ஏற வளைவு நிமிர்ந்து தகடு நீளும், அந்த நீளத்துக்கு இடம்விடுவது சக்கிள். தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலையும் ஓரளவு அடக்கிவிடும். அச்சு முன்பின் விலகாமல் பிடிப்பதும் இதே வில்தான்.

சுருள்வில் அப்படியல்ல, பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடிக்கத் தனிக் கைகளும் குறுக்குத் தண்டும் வேண்டும். 1960களில் செவர்லே தன் சி-10 பிக்கப்புகளில் பின்னாலும் சுருள்வில் வைத்தது. வெறும் வண்டியில் அது நல்ல சொகுசு, மறுக்கமாட்டேன். ஆனால் 1973 மாடலில் அந்த நிறுவனமே தகட்டுக்குத் திரும்பியது.

பாரம் ஏற்றும் பழைய லொறிக்கு என் தெரிவு தகடுதான். ஒன்று முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம். பாரம் கூடினால் இன்னொன்று சேர்க்கலாம். முறிந்ததும் வீண்போகாது. கொல்லர் பட்டறையில் அது கொடுவாக்கத்தியாகும், கூரும் இலேசில் மழுங்காது.