மெழுகில் நிற்கும் மெட்டுகள்

நல்லூரில் வீணை பயில்வோர் பலர் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை இலக்காகக் கொள்வராயினும், அக்கருவியைப் பேணுவதிலுள்ள சுவை பரீட்சைக்கு அப்பாற்பட்டது. கிற்றாரின் மெட்டுகள், அதாவது சுரத்தானங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகள், மரத்தில் இறுக்கப்பட்டு அசையாதிருக்க, வீணையின் 24 மெட்டுகளோ கரித்தூள் கலந்த மெழுகின் மேல் பதிந்திருப்பதால், வெயிலில் மெழுகு இளகிச் சுரம் பிசகினாலும், காதையே அளவுகோலாகக் கொண்டு அவற்றை நகர்த்தி அமைக்க முடிகிறது. தந்தி உராய்ந்து மெட்டில் விழுந்த நுண்ணிய பள்ளத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்கியபின், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் அடுத்த சுரங்களையும் எழுப்பும் கமகம் தடையின்றி வழுக்கிச் செல்வதைக் கேட்பது பொறுமைசாலிகளுக்கே வாய்க்கும் இன்பமாகும். தந்தியை மட்டும் மாற்றிவிட்டு வீணையைக் குறைகூறுவோர் அதனை அறியார்.