சுவிட்சைத் தொடாதே: ‘ஸ்மார்ட்’ வீட்டின் அதிகாரம் குறித்து

‘ஸ்மார்ட் பல்பு’ வாங்கி மாட்டியவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் இதுதான்: சுவரிலுள்ள சுவிட்சை இனி யாரும் அணைக்கக் கூடாது. செல்போனிலிருந்தோ குரலாலோ இடப்படும் கட்டளைக்கு அது கீழ்ப்படிய வேண்டுமானால் அதற்குள்ளிருக்கும் சின்ன ரேடியோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கக் கரண்ட் வேண்டும். போகிற போக்கில் யாராவது சுவரில் டக்கென்று தட்டிவிட்டால் முடிந்தது கதை. 2012இல் சந்தைக்கு வந்த பிலிப்ஸ் ஹ்யூ போன்ற ஜிக்பீ வகைப் பல்புகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தி கடத்தும் அஞ்சல்காரர் வேலையையும் பார்க்கிறது. நடுவிலிருக்கும் ஒன்றை அணைத்தால் கடைசி அறைக்குச் செய்தி போகாமலே போகலாம்.

இதே 2012இல்தான் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பல மணிநேர மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையே ஒரு வர்க்கத்தின், ஒரு புவியியலின் நம்பிக்கை. ஆனால் நான் பேச வந்தது மின்வாரியம் அணைப்பதைப் பற்றியல்ல. வீட்டுக்குள் ஒரு கை அணைப்பதைப் பற்றி.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தவறு எங்கே கொண்டுபோய் வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பல்பைச் செய்தவரிடம் அல்ல, அணைத்தவரிடம். யார் அணைக்கிறார்கள்? அந்தச் செயலியைச் செல்போனில் வைத்திராதவர்கள்: பாட்டி, வீட்டுவேலைக்கு வரும் பெண், பிள்ளைகள், விருந்தாளி. ‘வெளியே செல்லும்போது விளக்கை அணைக்கவும்’ என்று பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் எழுதிவைத்து வளர்த்த சிக்கனம் திடீரென்று குற்றமாகிறது. ‘யார் அணைச்சது?’ என்ற கேள்வி வீட்டுக்குள் மேலிருந்து கீழ்நோக்கித்தான் கேட்கப்படும் என்பதை நாம் அறிவோம்.

சுவர் சுவிட்சைப்போல் ஆள் பார்க்காத பொருள் வீட்டில் அதிகமில்லை. அடுக்களைக்குள் யார் வரலாம், யாருக்கு எந்த டம்ளரில் காபி என்று கணக்கு வைத்திருக்கும் வீடுகளில்கூட சுவிட்சு அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை. கடவுச்சொல் கேட்காது, பெயர் கேட்காது, கை எட்டினால் போதும். ‘ஸ்மார்ட்’ வீடு இந்தச் சமத்துவத்தை ரத்துசெய்து, செயலி உள்ளவர் மட்டுமே ‘பயனாளி’ என்றொரு தன்னிலையைக் கட்டமைக்கிறது. மற்றவர்கள் அதே வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாலும் இடையூறுகள்தான்.

பிரெஞ்சு ஆய்வாளர் மாதலீன் அக்ரிஷ் 1992இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட சூரியமின் விளக்குத் தொகுப்பைப் பற்றியது அது. வயர்களின் நீளம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இணைப்புகள் கடையில் கிடைக்காத வகை. யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்ற அக்கறைதான். விளைவு, அறை சற்றுப் பெரிதானால் வயரை நீட்டக்கூட வழியில்லை. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அதைப் பயன்படுத்தப்போகிறவர் யார், எப்படி நடந்துகொள்வார் என்ற ‘ஸ்கிரிப்ட்’ எழுதப்பட்டிருக்கிறது என்றார் அக்ரிஷ். ஸ்மார்ட் பல்பின் ஸ்கிரிப்டில் வருவது தனியாளின் வீடு. அங்கே இன்னொருவர் கை இல்லை.

ஆனால் நிஜ வீட்டில் இருக்கிறதே! அதற்கும் சந்தை மருந்து வைத்திருக்கிறது. சுவிட்சின்மேல் மாட்டி யாரும் தட்ட முடியாமல் செய்யும் பிளாஸ்டிக் மூடிகள் விற்கின்றன. 2019இல் லூட்ரான் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘அரோரா’ என்ற குமிழ், அமெரிக்க வீடுகளிலுள்ள பழைய சுவிட்சின்மேல் உட்கார்ந்து அதை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிவிடுகிறது. மேலே திருகலாம், ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கீழே நிஜ சுவிட்சு சிறையில். மேலுள்ளதோ பல்புக்குக் கம்பியில்லாமல் விண்ணப்பம் அனுப்பும் பித்தான். மின்சாரத்தை வெட்டும் அதிகாரம் அதற்கில்லை.

வெட்டும் அதிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியை நினைத்துப் பார்க்கலாம். வீட்டு வன்முறைக்கு ஆளான அமெரிக்கப் பெண்களின் அனுபவங்கள் அதில் வந்தன. தொடாமலே ஏசி அணைகிறது. வாசற்பூட்டின் எண் தினமும் மாறுகிறது. ஆளில்லாமல் அழைப்பு மணி அடிக்கிறது. கருவிகளை மாட்டியவரும் கடவுச்சொல் வைத்திருந்தவரும் பெரும்பாலும் ஆண்தான். எங்கோ இருந்துகொண்டு ஒருவன் விளக்கை எரியவிட்டு அணைத்து மிரட்டும்போது, அவளுக்கு எஞ்சியிருப்பது சுவரிலுள்ள அந்தச் சின்னக் கட்டைதான். அதற்கும் மூடி போட்டால்?

படுக்கையிலிருந்து எழ முடியாதவர் குரலால் விளக்கேற்றுவது ஆடம்பரம் அல்ல, சுயமரியாதை. எனவே கருவியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. அறிவைப் பல்புக்குள் வைக்காமல் சுவிட்சின் பின்னால், சுவர்ப் பெட்டிக்குள் ஒரு சிறிய ரிலேயாக வைக்கலாம். அப்போது சுவிட்சும் வேலைசெய்யும், செல்போனும் வேலைசெய்யும். இணையம் போனாலும் விளக்கு போகாது. இதற்குப் பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் வயர் வேண்டும். பழைய அமெரிக்க வீடுகள் பலவற்றில் அது கிடையாது. 2011 பதிப்பில்தான் அந்நாட்டின் மின்விதித் தொகுப்பு, சில விலக்குகளோடு, அதைக் கோரியது. நம் வீட்டு போர்டுகளில் சுவிட்சோடு ப்ளக் பாயிண்டும் சேர்ந்திருந்தால் நியூட்ரல் அங்கேயே வந்திருக்கும். தூரத்துக் கையை ரிலே தடுத்துவிடாது. கடவுச்சொல்லின் அரசியல் அப்படியேதான் இருக்கும். ஆனால் பக்கத்துக் கையை அது கட்டிப்போடுவதில்லை.

ஆக, பல்புக்குள்ளா சுவருக்குள்ளா என்பது எலக்ட்ரீஷியன் மட்டும் தீர்மானிக்கும் விஷயமல்ல. வீட்டில் யாரெல்லாம் ஆள் என்று எண்ணப்படுகிறார்கள் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த வீட்டுக்கு முதல் தடவை வரும் ஒருவர், யாரையும் கேட்காமல், இருட்டில் சுவரைத் தடவி இதை அணைக்கவும் போடவும் முடியுமா?