கையேந்திப் பாடும் பாட்டு: காது கொடுத்துக் கேட்பது எப்படி?

ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறை கண்டதும் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறும். நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் சுமார் 200 ஆண்டுகளாக நடந்துவரும் விழா இது. நாயகம் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில்; இங்கே இருப்பது நினைவிடம் மட்டுமே. ஊரைச் சுற்றிவந்த கொடிகள் மினாராக்களில் ஏறிய பிறகு, 12 நாட்களுக்கு மவ்லிது என்னும் புகழ்ப்பா ஓதலும் பக்கீர் ஜமாஅத்தின் றாத்திபு என்னும் கூட்டு இறைதுதியும் நடக்கும். புதிதாக வருபவர்களின் கண்ணைக் கூட்டமும் மஸ்கட் இனிப்புக் கடைகளும் பிடித்துக்கொள்ளும். காதையும் கூட்டிவந்தவருக்குத்தான் விழா முழுசாகக் கிடைக்கும்.

அங்கே கேட்கும் பாட்டுகளில், ஒன்றுமில்லாதவனாகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, படைத்தவனிடம் நேரே இரந்து நிற்கும் பாட்டுக்கு முனாஜாத்து என்று பெயர். பழக்கமில்லாதவர்கள் நாகூர் ஹனிபாவிலிருந்து (1925–2015) தொடங்கலாம். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. தி.மு.க. மேடைகளில் முழங்கிய வெண்கலக் குரல் அவருடையது. அந்தக் குரல் இரக்கச் சொல்லும்போது குழைவதில்லை, கெஞ்சுவதில்லை. கொடுப்பவன் மேல் உள்ள நம்பிக்கை அப்படி. பணிவென்றால் முணுமுணுப்பு என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை கேட்க வேண்டும்.

அடுத்த படி குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, சென்னையில் துறவியாக வாழ்ந்து 1838இல் மறைந்தவர். அவர்மேல் நான்மணிமாலை பாடியவர் சைவப் புலவர் சரவணப்பெருமாளையர். அந்தக் காலத்தில் இதற்கு யாரும் புருவம் உயர்த்தியதாகத் தெரியவில்லை. மஸ்தானின் பராபரக்கண்ணி, றகுமான் கண்ணி, எக்காலக் கண்ணி எல்லாம் இரண்டிரண்டு அடிகளாக நடப்பவை. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அழைப்பில் போய் நிற்கும். எக்காலக் கண்ணியில் அது அழைப்புகூட இல்லை, ‘எப்போது’ என்கிற ஏக்கம். கண்ணிக்குக் கண்ணி கேள்வி வளர்கிறது, பதில் மட்டும் வருவதே இல்லை. மௌனமாகப் படித்தால் பத்தாவது கண்ணியில் அலுப்புத் தட்டும். வாய்விட்டுப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த ஈற்றுச் சொல்லில் மூச்சு வந்து இளைப்பாறுவது தெரியும். கேட்டுக்கொண்டே காத்திருக்கும் பழக்கம் அங்கேதான் பிடிபடும்.

இந்த வடிவம் தாயுமானவரிடமும் உண்டு. அவரும் பராபரக்கண்ணி பாடியவர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளில் கிறிஸ்தவ அடியார் தன் பாவத்தைச் சொல்லி இரங்கக் கேட்பதும் இதற்கு அந்நியமில்லை. கல்முனை மெதடிஸ்த ஆலயத்துக்கும் கடற்கரைப் பள்ளிக்கும் இடையே நம்பிக்கையில் எத்தனையோ வேறுபாடு இருக்கலாம். இரக்கும் தமிழ் மட்டும் ஒரே வீட்டுத் தமிழ்.

விழாவில் யாரை நோக்கிப் பாடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சில பாட்டுகள் நாயகத்தை அழைக்கும். சில அல்லாஹ்வை மட்டுமே. தர்ஹாவில் போய்க் கேட்கக் கூடாது, கேட்பதெல்லாம் அவனிடமே என்று தவ்ஹீத் எனும் ஓரிறைக் கொள்கைக்காரர்கள் வாதிடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, இந்த வாதத்தைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கு ஒரு விளிச்சொல்கூடத் தவறாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்களை இழந்தது. கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய மூன்று ஊர்களும் அடிபட்டவை. தன் கையில் ஒன்றுமில்லை என்று இரக்கும் பாட்டு இந்தக் கரையில் அலங்காரமாக ஒலிக்காது.

கொடியேற்றத்துக்குப் போக முடியாதவர்கள் நோன்பு மாதத்தில் வரலாம். சஹர் உணவுக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாமாரின் பைத்துப் பாட்டையும் றபான் பறை அடியையும் விழித்திருந்து கேட்கலாம். விழாவுக்குப் பள்ளிக்கே வருகிறவர்கள் இஷா தொழுகைக்குப் பிறகு, ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்காருங்கள். பிறைக் கணக்கில் விழா ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தும். புறப்படுமுன் பள்ளியில் திகதி விசாரித்துக்கொள்ளுங்கள்.