செக்குபந்தி சொல்லும் ஊர்

மேடவாக்கத்து அடுக்ககத்தின் பத்திரத்தில் ரசிக்க ஒன்றுமில்லை. முப்பது பக்கத்துக்கு மேல் நீளும் அந்தக் காகிதத்தில் எங்களுக்குச் சேர்ந்த மண், 'பிரிபடாத பாகம் 412 சதுர அடி'. ஒரு சென்ட் என்பதே 435.6 சதுர அடி. ஒரு சென்ட்கூடத் தேறாத, எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டவும் முடியாத மண்ணுக்கு அவ்வளவு பக்கம். மூன்று எல்லையில் மனை எண்கள், நான்காவதில் 30 அடி சாலை. பெயர் மாற்றினால் சென்னையைச் சுற்றி எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

செய்யாரிலிருந்து ஆரணி போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி நாங்கள் வாங்கிய நிலத்தின் தாய்ப் பத்திரம் 1968ஆம் ஆண்டுக்குரியது. ஒன்றரைப் பக்கம்தான். 'வட ஆற்காடு ஜில்லா, செய்யார் தாலுகா' என்று தொடங்குகிறது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல். நீலமசியில், அடித்தல் திருத்தல் இல்லாத சாய்ந்த எழுத்து. குடிவந்த புதிதில் அதை வில்லங்கம் பார்க்கத்தான் படித்தேன். பிறகு, கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிவந்தபோது, எழுதியவர் ஒரு வார்த்தையையும் வீணாக்கவில்லை என்று தெரிந்தது. கவிதைக்கு நயம் பாராட்டுகிறோம், பத்திரத்துக்கு ஏன் கூடாது?

முதலில் விற்றவர் எதற்காக விற்றார் என்பதையே பாருங்கள். இன்றைய பத்திரத்தில் 'குடும்பத் தேவைக்காக' என்று முடித்துவிடுவார்கள். இதில், 'நெசவு ஜீவனம்' செய்யும் ஒருவர், மூத்த மகள் கல்யாணச் செலவுக்கும், 'பட்டு நூல் வகையில் பட்ட கடனுக்கும்' விற்கிறார். ஒரே வரியில் இந்தப் பக்கத்துப் பொருளாதாரம் முழுவதும் வந்துவிட்டது. ஆரணியைச் சுற்றிய ஊர்களில் கழனி ஒரு கை, தறி ஒரு கை. நூல் விலை ஏறினால் கழனி கைமாறும். மழை பொய்த்தால் வீட்டில் எல்லோரும் தறிக்குழியில் கால் இறக்குவார்கள். எங்களுக்குத் தெற்கே இருப்பவர்கள் வீட்டிலும் இன்றைக்கு இரண்டு குழித்தறி ஓடுகிறது. விடியற்காலையில் மணிலாச் செடிக்குக் களை கொத்திவிட்டு, ஒன்பது மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு அந்த அம்மாள் தறியில் உட்காருவார். மண் ஒட்டிய விரல் பட்டு இழையைத் தொடக் கூடாது என்பதால் அந்தக் கழுவல் சாதாரணக் கழுவல் அல்ல. நகக்கண் வரைக்கும் தேங்காய் நாரால் தேய்ப்பார்.

அடுத்து அளவு. 'ஏக்கர் 1.32க்கு.' பட்டாவில் இதுவே 0.53.50 ஹெக்டேர். இரண்டுமே எனக்கு எதுவும் சொல்லவில்லை. பக்கத்துப் பெரியவர்தான், "ஒரு காணி தம்பி, சரியா ஒரு காணி" என்றார். தொண்டை மண்டலத்துக் கணக்கில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. அப்படி 100 குழி சேர்ந்தால் ஒரு காணி, 57,600 சதுர அடி. சென்னையில் நாம் மனை வாங்கும்போது சொல்கிற கிரவுண்டு 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி. புறநகரில் அரை கிரவுண்டுக்கு ஏங்கிக் கிடந்தவனுக்குக் கணக்கு இங்கே வந்துதான் முழுமையானது. பாரதி கேட்ட அளவு என்று சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

இனிதான் எனக்கு மிகப் பிடித்த இடம், நான்கெல்லை சொல்லும் செக்குபந்தி. 'வாத்தியார் கழனிக்கும் கிழக்கு, ஏரி வாய்க்காலுக்கும் மேற்கு, வண்டிப்பாதைக்கும் வடக்கு, முனியப்பன் மேட்டுக்கும் தெற்கு, இதன் மத்தியில்.' நம் நிலத்துக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. அடுத்தவர் கழனியில் நின்றுகொண்டு, அங்கிருந்து நம்மைச் சுட்டிக் காட்டுகிறது. நாலு அண்டை வீட்டாரும் ஒப்புக்கொண்டால்தான் நடுவில் நீ இருக்கிறாய். அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பல வருஷம் ஓட்டிய எனக்கு, இங்கே வந்ததும் முதல் வேலை நாலு பக்கமும் போய் அறிமுகம் செய்துகொள்வதாக இருந்தது. இல்லாவிட்டால் வரப்பு ஓரத்தில் ஒரு தென்னங்கன்று வைக்க முடியாது. அந்த வாத்தியார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. கழனி இரண்டு கை மாறி, இப்போது உழுகிறவர் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். ஆனாலும் அது வாத்தியார் கழனிதான்.

வாய்க்காலை எல்லையாக எழுதியதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கல் நகரும், வரப்பு தேயும், வேலி நடக்கும். தண்ணீர் மட்டும் தாழ்வான இடத்தை விட்டு வராது. இந்தப் பக்கம் ஏரி நாடு. காஞ்சிபுரம் சாலையில் தூசிக்குப் பக்கத்தில் பல்லவர் காலத்து மாமண்டூர் ஏரி கடல் மாதிரி கிடக்கிறது. எங்கள் ஊர் ஏரி அதன் முன் குட்டைதான். இருந்தாலும் கரை, மதகு, கலங்கல் எல்லாம் அதே இலக்கணம். கலங்கல் தாண்டி வழிந்தால் அந்த வருஷம் சம்பாவுக்கு நம்பி நாற்று விடலாம். அதற்குப் பிறகு நவரைக்கும் மிச்சம் இருக்கும். மழைக்கு மறுநாள் வாய்க்கால் ஓரம் நடந்தால் பெரியவர் வரப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவது தெரியும். நண்டு வளை ஒன்று இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மண்வெட்டியால் ஒரு கொத்து களிமண் எடுத்து, வளையில் திணித்து, குதிகாலால் இரண்டு மிதி. தறியில் அறுந்த இழையைப் பிணைப்பவர் முடிச்சு தெரியாமல் முறுக்கிவிட்டு நகர்வாரே, அதே வேகம்.

கல்லைத் தேடியது தனிக் கதை. புலப்படத்தில் எட்டு கல் குறித்திருக்கிறது. நேர்கோடுகளும் அதிலிருந்து கிளைக்கும் குறுக்களவுகளுமாக, மரமோ கிணறோ ஆளோ இல்லாத சுத்தமான முக்கோணங்கள். தரையில் பார்த்தால் வரப்பு எங்கும் புல். ஒரு கல்லையும் காணோம். டேப்பை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பையன் கேட்டான்: "இன்னா சார், கல்லா தேடுற? வேப்ப மரத்தாண்ட கீது பாரு, வரப்புக்குள்ள." தோண்டினால் ஒரு சாண் ஆழத்தில் கருங்கல். அவன் பிறப்பதற்கு முன்பே மண்ணுக்குள் போன கல். அவன் தாத்தா அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவாராம்.

பத்திரத்தில் அடுத்தது கிணறு: 'கிணற்றில் 3ல் 1 பாகமும், முறை வைத்து நீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்.' மூன்று பங்கு, மூன்று மோட்டார். கிணற்று மேட்டில் உருளை பொருத்திய கருங்கல் தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. அவற்றிலிருந்து ஒரு சரிவு இறங்குகிறது, இப்போது அதன்மேல் எருக்கு. கவலை ஓட்டிய தடம் அது. இரும்புச் சாலும் அதன் வாலாகத் தோல் தும்பியும் தண்ணீரை அள்ள, மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே ஏறும். பின்வாங்கி ஏறினால் சால் உள்ளே இறங்கும். மாடு எவ்வளவு தூரம் நடக்கிறதோ அவ்வளவுதான் சால் ஏறும். ஆகவே சரிவின் நீளத்தைக் காலடியால் அளந்தால், கிணறு வெட்டிய காலத்தில் தண்ணீர் எவ்வளவு கீழே கிடந்தது என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். நான் அளந்தேன். நாற்பது அடிகூட இல்லை. இன்றைக்குக் கிணற்றின் அடியில் பக்கவாட்டில் துளை போட்டும், அதற்கும் கீழே போர் இறக்கியும் எடுக்கிறோம். மேட்டின் நீளத்தில் இப்படியொரு கணக்குப் புத்தகம் எழுதி வைத்திருப்பது எவருக்கும் தெரிவதில்லை. வரப்போகிற வருஷம் அந்தச் சரிவைப் புல்டோசர் வைத்துச் சமன் செய்யப் போவதாகப் பங்காளிகள் இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாசன மோட்டாருக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். அதனால் மும்முனை மின்சாரம் வருகிற நேரம்தான் இப்போதைய முறை. கைப்பேசியில் ஒரு எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும், நிறுத்தலாம். பெரியவரின் மகன் ஆரணியில் பாவு வாங்கிக்கொண்டிருக்கும்போதே இங்கே மடை திறந்துவிடுகிறான். ஆனாலும் யாருக்கு எந்த நாள் என்பது பத்திரத்தில் சொன்னபடிதான். அதில் எந்தக் கருவியும் தலையிடவில்லை.

'மாவடை மரவடை' என்பதன் கீழே எண்ணி எழுதியிருக்கிறது: புளி 1, வேம்பு 2, பனை 9. புளி போய்விட்டது. பனை ஒன்பதும் இருக்கின்றன. ஆறு அலகுப்பனை, மூன்று பருவப்பனை. அலகில் நுங்கு கிடையாது, பருவத்தில்தான் காய்க்கும். விதை போட்டுப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகிப் பாளை தள்ளும் வரைக்கும் எது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது. இதைச் செய்யாரில் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இந்த ஊரின் பழைய பெயர் திருவோத்தூர். நகராட்சிக்கு இன்றும் திருவத்திபுரம் என்றே பெயர். வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் பனை. அடியார் ஒருவர் கோயிலுக்கென்று வைத்து வளர்த்த பனைகள் எல்லாம் ஆணாகப் போய்விட, அடியாரைச் சமணர் ஏளனம் செய்ய, ஞானசம்பந்தர் பதிகம் பாடிக் குலை தள்ளவைத்தார் என்பது பெரியபுராணக் கதை. பனை வளர்த்தவனுக்குத்தான் அந்தக் கதையின் வலி புரியும். பதினைந்து வருஷம் தண்ணீரும் காவலும் கொடுத்துவிட்டு ஆறுக்கு மூன்று என்று நிற்பது என்றால் சும்மாவா?

பத்திரத்தின் கடைசிப் பத்தி முழுக்க வடமொழி: நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்த சாத்தியம். விஜயநகரச் செப்பேடுகளில் வருகிற அஷ்டபோகம் அப்படியே செய்யார் பத்திர எழுத்தர் கைக்கு வந்திருக்கிறது. புதையலும், மண்ணுக்கடியில் வைத்ததும், நீரும், மரமும், கல்லும், அழியாத பலனும், இனி வரப்போகிற பலனும், விளைந்ததும் விளையக்கூடியதும். ஒரு காணிக்கு இவ்வளவு ஆடம்பரமா என்றால், ஆம். ராஜா தானம் கொடுத்தால் என்னென்ன சேருமோ அதை நெசவாளி விற்றாலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இதில் 'ஆகாமி' எனக்கு உறுத்துகிறது. இனி வரப்போவது என்னவென்று இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? செய்யார் சிப்காட்டை விரிக்க 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023இல் மேல்மாவைச் சுற்றிய விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்து, பிறகு அவர்களில் ஆறு பேர் மீதானது திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் பத்திரங்களிலும் இதே எட்டு வார்த்தை இருந்திருக்கும். புறநகரை விட்டு நிம்மதி தேடி வந்து நான் வாங்கிய மண்ணும், விட்டுத் தர மாட்டோம் என்று அவர்கள் பிடித்துக்கொண்ட மண்ணும் ஒரே தாலுகாவின் மண் என்பதை மறந்துவிட்டுப் பனையை மட்டும் ரசித்துக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

சென்ற ஆண்டு வண்டிப்பாதையை அகலப்படுத்த, தெற்கு வீட்டாரும் நானும் பாதி பாதி விட்டுக்கொடுத்து ஒரு பத்திரம் பதிந்தோம். பழைய பாதை 'மாட்டு வண்டி போக வர' என்று எழுதிய அகலம். நெல் அறுக்கும் இயந்திரம் அதில் நுழையாது. பதிவுத்துறை இணையதளத்திலேயே மாதிரிப் பத்திரங்கள் இருக்கின்றன. கட்டங்களை நிரப்பினால் போதும். எழுத்தரிடம் பழைய செக்குபந்தியையும் மரவடையையும் அஷ்டபோகத்தையும் அப்படியே சேர்க்கச் சொன்னேன். "யாரும் படிக்க மாட்டாங்க சார், பக்கம்தான் கூடும்" என்றார். கூடட்டும் என்றேன். பனை எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்று சொன்னதும், தெற்கு வீட்டு அம்மாள் குறுக்கிட்டு, வாய்க்கால் ஓரத்தில் நான் பார்க்காத வடலி இரண்டு இருக்கிறது, அதையும் போடுங்கள் என்றார். பதினொன்று என்று எழுதியிருக்கிறது.