கோனான்குப்பத்துப் பெரியநாயகி: ஒரு திறனாய்வு

நற்செய்தி தமிழ் மண்ணில் வேரூன்ற வேண்டும் என்று நம் சபைகளில் அடிக்கடி பேசப்படுகின்றது. இப்பேச்சு பெரும்பாலும் கீர்த்தனைகளோடும் குத்துவிளக்கோடும் நின்றுவிடுகின்றது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்முயற்சியைத் துணிவுடன் மேற்கொண்ட ஓர் ஆலயம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் வட்டாரத்தில் உள்ளது. அது வீரமாமுனிவர் என்னும் கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கியின் (1680–1747) பெயரோடு இணைந்த கோனான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயமாகும். அங்குள்ள திருச்சொரூபத்தையும் அதனோடு இணைந்த தேர்விழாவையும் இறையியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெஸ்கி நம் முன்னோருக்கு நண்பர் அல்லர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிகளை மறுத்து 'வேதவிளக்கம்' முதலிய நூல்களை அவர் கடுமையாக எழுதினார். ஆயினும் 1728இல் அவர் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி மிஷன் அச்சகமே. எதிராளியின் கல்வியை மதித்து ஏற்கும் அம்மனப்பான்மையோடு அவருடைய கலைப்பணியையும் அணுகுவது நமக்குத் தகும்.

1. பெயர்

விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோவிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்பது பெயர். மரியாளுக்கு அயல்மொழிப் பெயரைச் சூட்டாமல், அவ்வட்டாரத்து மக்கள் நாள்தோறும் சொல்லும் பெயரையே முனிவர் எடுத்துக்கொண்டார். இதில் ஆபத்து உண்டு. பெயரோடு அப்பெயருக்குரிய இடமும் வந்துவிடக்கூடும்; தாய், தேவியாகிவிடக்கூடும். சீர்திருத்த சபையார் இதனைச் சுட்டிக்காட்டுவது நியாயமே.

ஆனால் சொரூபத்தை நோக்கினால் முனிவரின் விடை விளங்குகின்றது. சிவாலயங்களில் அம்மன் தனிச் சந்நிதியில் தனித்து நிற்கின்றாள். கோனான்குப்பத்து அன்னையோ கையில் குழந்தையோடு நிற்கின்றாள். அக்குழந்தையை நீக்கிவிட்டால் அவ்வுருவத்திற்குப் பொருளே இல்லை. பெயர் மக்களிடமிருந்து பெறப்பட்டது. பெயரின் பொருளைக் குழந்தை திருத்துகின்றது. பட்டும் மாலையும் குழந்தையை மறைக்கும் அளவிற்கு மிகும்போதுதான் இத்திருத்தம் கெடுகின்றது. அது சிற்பத்தின் குறையன்று, வழிபடுவோரின் குறை.

2. உடை

முனிவர் அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் உடையில் வரைவித்து, அப்படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சொரூபம் செய்வித்தார் என்பது அவ்வாலய மரபு. 1726இல் முடிந்த 'தேம்பாவணி'யிலும் இதே முறையைக் காண்கிறோம். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியத்தின் 3615 பாடல்களில், யூதேயா தமிழகத்து மருத நிலமாகவே வருணிக்கப்படுகின்றது. காப்பியத்தில் நாட்டிற்குச் செய்ததையே ஆலயத்தில் உடைக்குச் செய்தார் எனலாம்.

இங்கு நாம் எழுப்பும் வினா ஒன்றுண்டு. இது யாருடைய சேலை? விழாக்காலப் பட்டும் முடியும் அரசியின் கோலம். வயலில் நாற்று நடும் பெண்ணின் கோலம் அன்று. லூக்கா முதலாம் அதிகாரத்தில் மரியாள் தன்னைத் தாழ்ந்தவளாகவே அறிந்து பாடுகின்றாள். தமிழ்ப் பண்பாடு என்று நாம் சொல்லும்போது உயர்ந்தோரின் பண்பாட்டையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அன்று தொட்டு இன்றுவரை தொடர்கின்றது. முனிவரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. செந்தமிழில் காப்பியம் செய்த அவரே பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். எளிய உரைநடையில் 'பரமார்த்த குரு கதை'யும் எழுதினார். எழுத்தில் அவர் எட்டிய அகலத்தை ஆலயக் கலை இன்னும் எட்டவில்லை என்பதே நம் கருத்து.

3. தேர்

தை மாதத்துப் பெருவிழாவில் அன்னை தேரில் வீதியுலா வருகின்றார். இதன் வேரைச் சிதம்பரத்தில் காணலாம். பிற கோவில்களில் மூலவர் கருவறையில் இருக்க, உற்சவமூர்த்தியே வெளியே வருவார். சிதம்பரத்திலோ ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடராசரே தேரேறி வீதிக்கு வருகின்றார். தெய்வம் மக்களிடம் வரவேண்டும் என்னும் ஏக்கம் இந்நாட்டுச் சமயத்தில் ஆழமானது. யோவான் 1:14ஐ நம்புகிற நாம் இவ்வேக்கத்தை இகழ முடியாது.

ஆனால் தேர் எந்த வீதிகளில் செல்கின்றது? இங்கேதான் கலைத் திறனாய்வு சபையின் மேல் வரும் தீர்ப்பாக மாறுகின்றது. 1745 அக்டோபரில் புதுச்சேரிக் கோவிலின் உள்ளே, பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவர் அவர்களுடைய முறையீட்டின் பேரில் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் எழுந்த மோதலின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். முதலாம் நிகழ்ச்சிக்கும் இரண்டாம் நிகழ்ச்சிக்கும் இடையே 262 ஆண்டுகளுக்கும் மேல்! அன்னைக்குச் சேலை உடுத்துவது எளிதாயிற்று. அவளுடைய பிள்ளைகள் ஒரே வழியில் நடப்பது அரிதாயிற்று.

4. நம்முடைய கணக்கு

இதைச் சொல்ல நமக்குள்ள தகுதி என்ன? தரங்கம்பாடியில் 1718இல் சிலுவை வடிவில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிக்கொரு இருக்கை இருந்தது. அங்குச் சொரூபம் இல்லை; பிரிவினை இருந்தது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டை நீக்கும்படி ஆணையிட்டபோது, அதை ஏற்காமல் பிரிந்தவர் பலர். கடலூரிலோ 1749இல் கத்தோலிக்கரின் கோவிலை ஆங்கிலேயர் பறித்து மிஷனெரி கியர்நாந்தரிடம் ஒப்படைத்தனர். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றவே அவர் வங்காளம் சென்றார். படைபலத்தால் கிடைத்த ஆலயம் படைபலத்தாலேயே கைமாறியது. பிறருடைய பீடத்தைக் குறைகூறுமுன் இவ்வரலாற்றை நாம் நினைவிற்கொள்வது நலம்.

சீர்திருத்த சபையிலும் நல்ல முயற்சிகள் உண்டு. 1921இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் திராவிடக் கட்டடக் கலையில் தன் ஆலயத்தை எழுப்பியது. எனினும் நம் ஆலயங்களில் பெரும்பாலானவற்றில் கோதிக் வளைவுகளும் வெறுஞ்சுவர்களுமே காணப்படுகின்றன. சொரூபத்தை அகற்றியதால் மட்டும் அயல்தன்மை அகன்றுவிடவில்லை.

ஆகவே புதிதாய் ஆலயம் எழுப்ப முனையும் சபைகள் மூன்று வினாக்களை முதலில் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இக்கட்டடம் பேசும் மொழி இவ்வூர் மக்களுக்கு விளங்குமா? இதன் அலங்காரம் கிறிஸ்துவைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா? ஊரில் கடைசித் தெருவில் வாழ்பவர் எவ்வித அச்சமுமின்றி இதன் முன்வாசல் வழியே உள்ளே வரக்கூடுமா? முதல் வினாவிற்கு வீரமாமுனிவர் சிறந்த விடை தந்தார். இரண்டாவதற்குத் தாயின் கையிலுள்ள குழந்தையால் விடை தந்தார். மூன்றாவது வினா அவர் சபைக்கும் நம் சபைக்கும் பொதுவாக நிற்கின்றது. அதற்கு இரு சபையாரும் சேர்ந்தே விடை காண வேண்டும்.