மூன்று சீட்டு: தீர்ப்பில் ஒரு வரி

1968-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டை முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. பின்னதை ஏற்க இயலவில்லை.

52 சீட்டுகளிலிருந்து மூன்றை 22,100 வகையில் எடுக்கலாம்; 16,440 வகையில் ஜோடிகூட அமையாது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் ரயிலில் உங்களுக்கும் அத்தகைய சீட்டே விழுந்தது எனக் கொள்வோம். எதிராளி ரூ.10 கட்டுகிறார், அதையும் சேர்த்து நடுவில் ரூ.40. நீங்களும் ரூ.10 கட்டி 'ஷோ' கேட்கலாமா? அவர் உங்களைவிட மட்டமான சீட்டோடு ஐந்தில் ஒரு முறைக்கு மேல் மிரட்டுபவரானால் கேட்கலாம்; இல்லையேல் சீட்டைக் கவிழ்ப்பதே கணக்கு. ஆளை இப்படி எடைபோடுவது திறமையன்றி வேறென்ன?

ஆயினும் இது பல நூறு ஆட்டங்களின் சராசரி. மாணவரின் பையிலோ பத்து ஆட்டத்துக்கே பணம்! சராசரி வருமுன் பை காலியாகும். திறமை உண்டு என்பது, ஆடலாம் என்பதற்குச் சான்றாகாது.